லாரிக்குக்கூட ஜாமீன் உண்டு

எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை ஸ்டார் ட்ரெக் போட்டார்கள். அதைப் பார்த்த சித்தப்பா, மாமா யாரையாவது இப்போது கேட்டால் ஸ்பாக்கின் கூரான காது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். 1967-ல் எடுத்த 'தி டெவில் இன் தி டார்க்' எபிசோடைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். செட் எல்லாம் அட்டைப்பெட்டிதான், கதை அப்படி இல்லை.

ஜேனஸ் 6 என்று ஒரு கிரகம். அங்கே சுரங்கம் தோண்டுகிறவர்களை ஏதோ ஒன்று எரித்துக் கொல்கிறது. ஐம்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். கேப்டன் கிர்க் கப்பலோடு வந்து இறங்குகிறார். கொலைகாரன் யார் என்று பார்த்தால் பாறையைக் கரைத்துக்கொண்டே ஊர்ந்து போகிற ஒரு ஜந்து, பெயர் ஹோர்ட்டா. பார்க்கக் கருகிப்போன ஊத்தப்பம் மாதிரி இருக்கும் :-). கண்டதும் சுடு என்பது கிர்க்கின் உத்தரவு. ஆனால் நேருக்கு நேர் மாட்டியபோது அது பாயவில்லை, அவரும் சுடவில்லை. ஸ்பாக் அதைத் தொட்டு அதன் மனதுக்குள் போகிறார். அப்போதுதான் தெரிகிறது, சுரங்கத்தில் கிடந்த உருண்டை உருண்டையான சிலிக்கான் கற்கள் அதன் முட்டைகள். காசு பெறாது என்று சுரங்கக்காரர்கள் ஆயிரக்கணக்கில் உடைத்துத் தள்ளியிருக்கிறார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கணக்கில் மதிப்பு பூஜ்யம் என்று எழுதியதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான். லாஸ்பேட்டையில் இருப்பவர்களுக்கு இது புரிய வேற்றுக் கிரகம் போக வேண்டாம், நெய்வேலி போதும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் என்.எல்.சி. வாய்க்காலுக்காக நின்ற நெற்பயிருக்குள் மண்வெட்டும் இயந்திரங்களை இறக்கியதை டிவியில் எல்லோரும் பார்த்தோமே. நிலத்துக்கு எப்போதோ பணம் கொடுத்துக் கணக்கை முடித்தாகிவிட்டது என்றார்கள். பயிர் கணக்கில் இல்லை.

எபிசோடின் முடிவு பற்றி ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஹோர்ட்டாவின் குஞ்சுகள் சுரங்கம் தோண்டும், மனிதர்கள் தாதுவை அள்ளிக்கொள்வார்கள், எல்லோரும் பணக்காரர்கள். சமாதானம் இல்லை இது, பார்ட்னர்ஷிப் ஒப்பந்தம். ஹோர்ட்டாவுக்குத் தோண்டத் தெரியாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? ஆனாலும் ஒப்பந்தத்துக்கு முன்னால் ஒருவர் அதனிடம் போய் 'உனக்கு என்ன ஆச்சு' என்று விசாரித்தார். அந்த மரியாதை நம் ஊர் சிட்டிக்குக் கிடைக்கவில்லை.

எந்திரன் (2010) கிளைமாக்ஸ் சண்டை முடிந்து கோர்ட் காட்சி வருமே, ஞாபகம் இருக்கிறதா? சிட்டியை உருவாக்கிய வசீகரன்தான் குற்றவாளி. சிட்டி சாட்சி சொல்கிறது. போரா சிவப்பு சிப்பை வைத்ததுதான் காரணம் என்று வீடியோவோடு நிரூபிக்கிறது. கோர்ட் அதை அப்படியே நம்பி வசீகரனை விட்டுவிடுகிறது. கையோடு சிட்டியைப் பிரித்துப் போடச் சொல்கிறது!

விபத்தில் ஆளைக் கொன்ற லாரியை யாரும் உடைக்கச் சொல்வதில்லை. ஓனர் பாண்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனிலிருந்து ஓட்டிக்கொண்டு போவார். சிட்டி வெறும் பொருள் என்றால் சிவப்பு சிப் எடுத்த பிறகு அதையும் அப்படி விட்டிருக்கலாம். இல்லை, அது குற்றம் செய்யக்கூடிய ஆள் என்றால் உன் பக்கம் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். சாட்சிக் கூண்டில் ஆள், தீர்ப்பில் பொருள், தண்டனையில் மறுபடி ஆள். எது வசதியோ அது.

படம் பார்த்தவர்கள் அந்த இடத்தில் அழுதார்கள், ஆனால் தீர்ப்பு தப்பு என்று பெரும்பாலானவர்களுக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் என் இனிய இயந்திராவில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் புத்தகம் படிக்கவிட்டு, எதிர்த்துப் பேசவிட்டு, மனிதர்களைவிட நம்பகமான தோழனாக்கிக் காட்டியவர் சுஜாதா. விகடனில் வாராவாரம் வந்தபோதும் பிறகு தூர்தர்ஷனில் தொடராக வந்தபோதும் தமிழர்கள் ஜீனோவை வீட்டுப் பிள்ளையாகத்தான் பார்த்தார்கள். எந்திரனுக்கும் அவர் வசனம் எழுதினார், ஆனால் படம் முடிவதற்குள் 2008-ல் போய்விட்டார்.

சிட்டி எத்தனை பேரைக் கொன்றது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஹோர்ட்டாவும் ஐம்பது பேரைக் கொன்றது. விடுதலை பண்ணு என்று யாரும் சொல்லவில்லை, விசாரி என்றுதான் சொல்கிறோம். மெஷினுக்கு உயிர் ஏது என்று அடுத்த கேள்வி வரும். இருக்காது என்றே வைத்துக்கொள்வோம். இன்று அசைன்மென்ட் எழுதித் தருவதும், ராத்திரி இரண்டு மணிக்கு லவ் பெயிலியருக்கு ஆறுதல் சொல்வதும் போனில் இருக்கிற ஒரு மெஷின்தான். நல்ல மார்க் வந்தால் பெயர் நமக்கு, தப்பாகப் போனால் 'அதுதான் சொல்லிச்சு'. சிட்டி கேஸ் அவ்வளவு தூரத்தில் இல்லை.

படத்தின் கடைசியில் 2030-ல் ஒரு மியூசியம். சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி இதை ஏன் பிரித்துப் போட்டார்கள் என்று கேட்கிறாள். தான் யோசிக்க ஆரம்பித்ததுதான் காரணம் என்று சிட்டியே பதில் சொல்கிறது. இந்தக் கேள்வியை கோர்ட்டில் ஒரு வக்கீல் கேட்டிருந்தால் படம் இன்னும் பத்து நிமிஷம் ஓடியிருக்கும். ஏற்கெனவே கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம், ஷங்கர் என்ன செய்வார் பாவம்.