பத்து நிமிஷ சமுத்திரம்

கிழக்கே சிறிது தூரம் நடந்தால் வங்காள விரிகுடா வந்து காலை நனைத்துவிடக்கூடிய புதுப்பட்டினத்தில் குடியிருந்துகொண்டு, கூடத்து மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் இன்னொரு சமுத்திரத்தை நிறுத்தி வைக்க வேண்டுமென்று ஒருவர் ஆசைப்பட்டால், அக்கம்பக்கத்தார் அதைப் பைத்தியம் என்று சொல்வதில் ஆச்சரியமில்லை. ஆயினும் அந்த ஆசைக்கு ஒரு நியாயம் உண்டு. நம் கரையின் கடல் தன் உட்புறத்தை யாருக்கும் காட்டுவதில்லை. பாலாற்று முகத்துவாரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்கும் நடுவே எங்கே நின்று பார்த்தாலும், அலை புரட்டிய மணலும் கலங்கிய நீரும் தவிரக் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படாது. பவழப்பாறையைப் பார்க்க வேண்டுமானால் இராமேசுவரத்துக்கோ தூத்துக்குடிக்கோ போய், அங்கிருந்து படகேற வேண்டும்.

என் நண்பர் ஒருவர், கல்பாக்கத்தில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், இப்படியொரு தொட்டி வைத்திருக்கிறார். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 190 லிட்டர் கொள்ளும். அதற்குள்ளே துவாரங்கள் நிறைந்த கற்குவியல் ஒன்று, அதன்மேல் இளஞ்சிவப்பாகப் படர்ந்த பாசி, காற்றில் அசைவதுபோல் நீரில் அசையும் சில மெல்லிய ஜீவன்கள், நாலைந்து சிறு மீன்கள். "இதற்கு நான் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் கொடுப்பதில்லை, சார்" என்பது அவர் பெருமை. அந்தப் பத்து நிமிஷம் போக மிச்ச வேலையை யார் செய்கிறார்கள் என்று நான் யோசிக்கத் தொடங்கியதன் பலனே இந்தக் கட்டுரை.

வீட்டுக்குள் பவழத்தை வளர்த்த சரித்திரமே இந்தக் கேள்வியோடுதான் ஆரம்பமாகிறது. 1846-ல் இங்கிலாந்தின் டார்க்கீ கடற்கரையிலிருந்து உயிருள்ள கல்பவழங்களை லண்டனுக்கு எடுத்து வந்த அன்னா தின் என்னும் சீமாட்டி, கொண்டுவந்த கடல்நீர் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு யுக்தி செய்தார்: வேலைக்காரப் பெண்ணைத் திறந்த ஜன்னலோரம் நிற்கச் சொல்லி, அந்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு முன்னும் பின்னுமாக, நாள்தோறும் அரைமணி முக்கால்மணி நேரம் ஊற்றச் செய்தார். பிராணவாயு நீரில் கலந்தது, பவழங்கள் பிழைத்தன, பின்னால் கடற்பாசியையும் உடன் வைத்து வளர்த்து, வருஷக்கணக்கில் அவற்றைக் காப்பாற்றிய கீர்த்தி சீமாட்டியைச் சேர்ந்தது. அந்தப் பெண்ணின் கை வலித்ததைப் பற்றி விஞ்ஞானம் குறித்து வைக்கவில்லை. பராமரிப்புக் குறைந்த தொட்டி என்று பிற்காலத்தில் எவர் எதைக் கொண்டாடினாலும், அதற்குப் பின்னால் இப்படி ஒரு கை இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அதற்கப்புறம் நூறு வருஷங்களுக்கு மேல் பொழுதுபோக்குக்காரர்களும் காட்சிசாலைக்காரர்களும் யந்திரங்களை நம்பிப் போராடினார்கள். நம் மெரினாவில் எட்கர் தர்ஸ்டனுடைய முயற்சியால் 1909-ல் திறக்கப்பட்ட மீன்காட்சிசாலையை, பக்கத்திலேயே கடல் இருந்தும், ஆட்களை வைத்துத்தான் நடத்த முடிந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அது மூடப்பட்டது. சுலபமான வழியை 1961-ல் எழுதி வெளியிட்டவர் ஜகார்த்தாவில் வசித்த லீ சின் எங் என்பவர். வடிகட்டிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, கடலடியிலிருந்து உயிரோடு எடுத்த பாறைத் துண்டுகளைத் தொட்டியில் அடுக்கி, வெளிச்சமும் மெல்லிய காற்றுக் குமிழியும் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள் என்பதே அவருடைய உபதேசத்தின் சாரம். பிற்பாடு ஜெர்மானியர்கள் அதோடு நுரையைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் என்னும் கருவியைச் சேர்த்துக்கொண்டு, அதற்குப் பெர்லின் முறை என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

பாறை என்ன செய்கிறது? மீனின் கழிவிலும் மிஞ்சிய இரையிலும் அமோனியா உண்டாகிறது, அது விஷம். பாறையின் மேற்புறத்தில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பிராணவாயு எட்டாத உள்துவாரங்களில் வாழும் வேறொரு கூட்டம் அந்த நைட்ரேட்டையும் தின்று, சாதாரண நைட்ரஜனாக்கி ஆகாயத்துக்கு அனுப்பிவிடுகிறது. பாசி பிடித்தால் மேய நத்தை இருக்கிறது; விழுந்த இரையைப் பொறுக்கச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு இருக்கிறது. லண்டன் ஜன்னலோரத்துப் பெண்ணின் ஸ்தானத்துக்கு இந்தச் சேனை வந்துவிட்டது. ஆனால் அது நாம் கூப்பிட்ட மாத்திரத்தில் வந்து வேலையில் உட்காருவதில்லை. நாலு முதல் ஆறு வாரம் வரை வெறும் பாறையும் நீருமாகத் தொட்டி கிடந்தாக வேண்டும். கடையிலிருந்து தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வருகிறவர்கள் அடுத்த வாரத்துக்குள் வெறும் தொட்டியோடு நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் நகர மனமில்லை. கல்பாக்கத்து அணுமின் நிலையம் தன் யந்திரங்களைக் குளிர்விக்க, கடற்படுகைக்கு அடியில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாகக் கடல்நீரை இழுக்கிறது. ஓடும் நீரும் பற்றிக்கொள்ளச் சுவரும் கிடைத்தால் கொட்டலசுக்கும் ஆளிச்சிப்பிக்கும் வேறென்ன வேண்டும்? அழைக்காமலே வந்து குடியேறிவிட்டன. அவற்றை ஒழிக்கக் குளோரின் விடுவதும், எவ்வளவு விடுவது, எப்போது விடுவது என்று ஆராய்வதும் அங்கே விஞ்ஞானிகளுக்கு நிரந்தர உத்தியோகமாயிற்று. என் நண்பர் பணியிலிருந்த காலமெல்லாம் சுவரில் உயிர் ஒட்டக்கூடாதென்று கவலைப்பட்ட ஸ்தாபனத்தில் இருந்தவர். இப்போது கல்லில் உயிர் ஒட்ட வேண்டுமென்று காத்திருக்கிறார்.

கடல் பக்கத்தில் இருப்பதால் நீருக்குக் கவலையில்லை என்று எண்ணிவிடக்கூடாது. பவழத்துக்கு உகந்தது லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீர். நம் கரையில் கோடையில் அது கிடைக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்து, ஆற்று வெள்ளம் கலந்த நீரோட்டம் வடக்கிலிருந்து இறங்கி வரும்போது உப்பு முப்பதுக்கும் கீழே போய்விடுகிறது. எடையூர் உப்பங்கழிப் பக்கம் குடத்தைக் கொண்டுபோகவே வேண்டாம். மழையில்லாத மாதங்களில், அலையடிக்கும் இடத்தைத் தாண்டி, படகுக்காரர் உதவியால் எடுத்து வந்த நீரைத் துணியில் வடிகட்டி, இருட்டில் சில வாரம் மூடி வைத்துப் பயன்படுத்தலாம். இந்தச் சிரமம் வேண்டாமென்பவர்கள் சென்னைக் கொளத்தூர்க் கடைகளில் கிடைக்கும் செயற்கைக் கடலுப்பை வாங்கி, ஆர்.ஓ. நீரில் கரைத்துக்கொள்கிறார்கள். சமுத்திரத்தைப் பார்த்துக்கொண்டே உப்பைப் பொட்டலத்தில் வாங்குவது அவமானமாகத் தோன்றலாம். ஆயினும் வருஷம் முழுவதும் மாறாத நீர் வேண்டுமென்றால் பொட்டலமே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

உஷ்ணம்தான் நம் பக்கத்துப் பெருஞ்சத்துரு. குளிர்தேசத்துப் புத்தகங்கள் ஹீட்டரைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக எழுதும். நமக்கு அது அட்டத்தில் போட வேண்டிய சாமான். தொட்டி நீர் 27 பாகையைச் சுற்றி நிற்க வேண்டியிருக்க, கத்திரி வெயிலில் அது சர்வசாதாரணமாக 32-ஐத் தொடும். குளிர்விப்பான் வாங்கினால் தொட்டியை விட அதிக விலை, மின்கட்டணம் தனி. நண்பர் நீர்ப்பரப்பின்மேல் படும்படி ஒரு சிறு விசிறியைப் பொருத்தியிருக்கிறார். மண்பானையின் சூத்திரந்தான், இரண்டு மூன்று பாகை இறங்கிவிடுகிறது. அதற்குக் கூலி உண்டு: தினமும் ஓரிரண்டு லிட்டர் ஆவியாகப் போகும். போவது நீர், உப்புப் போவதில்லை. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டால் 14 லிட்டர் குறைந்து, 35 இருந்த உப்பு கிட்டத்தட்ட 38 ஆகியிருக்கும். ஆகவே குறைந்ததை நல்ல நீரால் நிரப்ப வேண்டுமேயன்றி, கடல்நீரால் நிரப்பக்கூடாது. அவருடைய பத்து நிமிஷத்தில் பாதி இதற்கே போகிறது; மிச்சம், ஒரு சிட்டிகை இரை போடுவதற்கும் கண்ணாடியைத் துடைப்பதற்கும். மாதம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறார்.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில், மீனைக் குறைவாக வைத்திருப்பதுதான். 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையேறியதை இந்தக் கரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ராத்திரியில், பாட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு நாலு மீனைக் காப்பாற்றும், நாற்பதைக் காப்பாற்றாது.

இப்போது பவழத்துக்கு வருவோம். கல்பவழங்களும், கரும்பவழங்களும், கடல்விசிறிகளும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. கடலிலிருந்து எடுத்தாலோ விற்றாலோ மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறைவாசம். சட்டம் தாமதமாகவே வந்தது. மன்னார் வளைகுடாவில், முக்கியமாகத் தூத்துக்குடிப் பக்கம், பவழப்பாறையை வெட்டிப் படகு படகாகக் கரைக்குக் கொண்டுவந்து சுண்ணாம்புக் காளவாயில் வேகவைத்த காலம் மிக நீண்டது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்ததற்கு அந்த வெட்டும் ஒரு காரணம் என்பார்கள். தப்பிப் பிழைத்த பாறைகள் 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களின் வெப்பத்தில் வெளுத்தன. பவழத்தின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு அன்னமிடும் பாசி, உஷ்ணம் மிஞ்சினால் வெளியேறிவிடுவதால் நேரும் கதி அது. இதில் ஒரு விபரீதமும் இருக்கிறது. கல்பவழம் வளர்க்கும் மேனாட்டார் அதற்குச் சுண்ணாம்புச் சத்துக் கொடுக்க, சுண்ணாம்புத் தெளிநீரைத் தொட்டியில் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். நாமோ பவழத்தைச் சுட்டே சுண்ணாம்பு செய்துகொண்டிருந்தோம்.

ஆக, நம் நாட்டில் சட்டத்துக்கு உட்பட்டு நடப்பவரின் தொட்டியில் கல்பவழம் இராது. இதை நஷ்டமென்று வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்பவழமே தொட்டிக்காரனைத் தூங்கவிடாத ஜீவன்: அதற்கு வெயிலுக்குச் சமமான விளக்கு வேண்டும், ஆற்றுச் சுழல்போல் நீரோட்டம் வேண்டும், கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று ஓயாமல் சோதிக்க வேண்டும், உஷ்ணம் ஏறினால் வெளுத்துவிடும். அதை விட்டொழித்தால் பராமரிப்பில் பெரும்பகுதி தானாகவே கழிந்துபோகிறது. பாறைக்குக்கூடக் கடலடியைத் தோண்ட வேண்டியதில்லை. உடைத்த சிப்பி ஓட்டையும் சிமெண்டையும் கலந்து பொள்ளலாக வார்த்து, காரம் போகும் வரை நல்ல நீரில் பல வாரம் ஊறவைத்து, பழைய தொட்டி ஒன்றிலிருந்து கைப்பிடி மணலை உறைமோர் போலப் போட்டால், நுண்ணுயிர் பரவிக்கொள்கிறது. நண்பர் தொட்டியிலுள்ள கற்குவியல் அவர் மொட்டைமாடியில் வார்த்தது. எலும்பில்லாத மெல்லிய சில இனங்கள் அட்டவணையில் இல்லை என்றாலும், அவற்றையும் இன்னொருவர் தொட்டியில் கிளைத்ததிலிருந்துதான் அவர் பெற்றுக்கொண்டார்.

மீனும் அப்படியே. கோமாளி மீனைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் வித்தையை, மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் பரங்கிப்பேட்டையிலும் கைவரப் பெற்று வெகுகாலமாகிறது. முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரியும். குஞ்சுக்கு முதல் இரை கண்ணுக்குத் தெரியாத ரோட்டிஃபர். இப்படித் தொட்டியிலேயே பிறந்த மீன் போட்ட இரையைத் தின்னும், நோயும் குறைவு. கடலிலிருந்து பிடித்து வந்ததோ, பல நாள் இரை தொடாமல் மூலையில் பதுங்கி, வளர்ப்பவருடைய பத்து நிமிஷத்தைப் பத்து மணியாக்கிவிட்டு, அநேகமாகச் செத்தும்போகும்.

ஆகையால், இதைப் படித்துவிட்டுத் தொட்டி வைக்க எண்ணும் அன்பர்கள் கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால், இந்த மீன் எங்கே பிறந்தது, இந்தக் கல் எங்கே எடுத்தது என்று கேட்க வேண்டும். பதில் சொல்லத் தயங்கினால் வாங்காமல் திரும்பிவிட வேண்டும். கோமாளி மீன் நல்ல பராமரிப்பில் பத்து வருஷத்துக்கு மேலும் ஜீவித்திருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.