விரல் போனவனுக்கு முன்னூறு வெள்ளியா?

போன வருடம் எங்கள் தாமானில் நடந்தது இது. உங்கள் தாமானிலும் நடந்திருக்கும். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பையன், இரவு ஷிப்டில் இயந்திரத்தில் கை மாட்டி இரண்டு விரல்களை இழந்தான். மறுநாள் மாலை சூப்பர்வைசர் வார்டுக்கு வந்தார். நம்ம ஆள்தான். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம், சட்டைப் பையில் 300 வெள்ளி. "அக்கா, ஆஸ்பத்திரி செலவ கம்பெனி பாத்துக்கும். சொக்சோ, ரிப்போர்ட்டுன்னு போனா தம்பி வேலைதான் போகும். கவனமில்லாம கைய விட்டது அவன்தானே?" என்றார். அந்தத் தாய் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மூன்று மாதம் கழித்து பையனின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

அன்பான வாசகர்களே, அந்தத் தாயின் மேல் எனக்குக் கோபமில்லை. நம்மில் பலரும் சொக்சோவை யாரோ மனமிரங்கிக் கொடுக்கும் உதவிப் பணம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். போதாக்குறைக்கு, யாராவது ஒரு தலைவர் பெரிய அட்டைக் காசோலையைத் தூக்கிப் பிடித்து, அழுதுகொண்டிருக்கும் விதவையின் பக்கத்தில் நின்று படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்துவிடுகிறார். பார்க்கிறவர்களுக்கு அவர் சொந்தப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததுபோல் இருக்கிறது!

உண்மை என்ன? 1969 ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோ 1971 இல் தொடங்கியது. அந்தச் சட்டத்தில் 31 ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. முதலாளியின் அலட்சியத்தால்தான் உங்கள் விரல் போனது என்று நிரூபிக்க முடிந்தாலும், அந்த வேலை விபத்துக்காக அவர் மீது நீங்கள் நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது. அந்தக் கதவை மூடிவிட்டு, பதிலுக்குச் சட்டம் கொடுத்தது இது: யார் தப்பு என்று கேட்காமல் இழப்பீடு. ஆகவே "கவனமில்லாமல் கையை விட்டது நீதானே" என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

"சொக்சோவுக்கு முதலாளிதானே காசு கட்டுகிறார்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், விபத்துத் திட்டத்துக்கு அவர்தான் கட்டுகிறார். நம் சம்பளத்தில் பிடிக்கும் அரை விழுக்காடு, நோய் வந்து உழைக்க முடியாமல் போகிறவர்களுக்கான இன்னொரு திட்டத்துக்குப் போகிறது. ஆனால் வழக்குப் போடும் உரிமையைக் கொடுத்தது யார்? நாம். அதைவிடப் பெரிய சந்தா எது? விபத்தை மூடி மறைக்கிற முதலாளிக்கு வழக்கும் இல்லை, ரிப்போர்ட்டும் இல்லை. இரண்டு பக்கமும் லாபம்! அவர் 48 மணி நேரத்துக்குள் விபத்தை சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தெரிவித்தால் வேலையிடப் பாதுகாப்பு இலாகா இயந்திரத்தைப் பார்க்க வருமோ என்ற பயம். ஆரஞ்சுப் பழம் எதற்கு வந்தது என்று இப்போது புரிகிறதா? குற்றம் செய்தவர் கையிலேயே புகார் எழுதும் பேனாவைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியே நேராக சொக்சோவுக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கட்டும் என்பது என் கருத்து.

அடுத்தது குத்தகை விவகாரம். தோட்டம் உடைந்து வெளியே வந்த நம்மவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பள்ளிக்கூடத் துப்புரவு, ஆஸ்பத்திரித் துப்புரவு, ஜாகா வேலை, லோரி அட்டெண்டன்... எல்லாம் கொண்ட்ராக்டர் மூலமாக. அடிபட்டால் கம்பெனி "நீ எங்க ஆள் இல்லை" என்கிறது. கொண்ட்ராக்டரின் போன் அடித்துக்கொண்டே இருக்கும். சட்டம் இந்தத் தந்திரத்தை அப்போதே பார்த்துவிட்டது. முதன்மை முதலாளி, நேரடி முதலாளி என்று இருவரையும் குறிப்பிட்டு, நேரடி முதலாளி கொண்டுவந்த ஆளுக்கும் சந்தாவை முதலில் கட்ட வேண்டியவர் முதன்மை முதலாளி என்று எழுதி வைத்திருக்கிறது. உங்கள் பெயரைப் பதியவே இல்லை என்றாலும் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். பதியாதது முதலாளி செய்த குற்றம். அதற்காக உங்கள் உரிமை செத்துப்போகாது. நேராக சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் பிடிக்க மாட்டார்கள், ஆனால் சொக்சோ கணக்கில் அது சேரும். விபத்துக்கு முந்திய மாதங்களில் உங்கள் பெயரில் என்ன சம்பளம் காட்டப்பட்டதோ, அதை வைத்துத்தான் இழப்பீட்டைக் கணக்குப் போடுவார்கள். எம்.சி.யில் இருக்கும் நாட்களுக்கு அதில் 80 விழுக்காடு (நான்கு நாளாவது எம்.சி. இருக்க வேண்டும்). நிரந்தர ஊனம் என்றால் 90 விழுக்காடு வரை. சீட்டில் பாதி, கையில் ரொக்கமாகப் பாதி என்று சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அடிபட்ட அன்றே பாதிச் சம்பளம் காணாமல் போய்விடும்.

ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். முதல் நாள் டாக்டரிடம் "வீட்டில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிட்டு, பிறகு வேலையில் நடந்தது என்றால் யார் நம்புவார்? மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்துக்கும், சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடப் போய்வரும் வழியில் நடப்பதற்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் வழியை விட்டு விலகி வேறு வேலையாகப் போயிருந்தால் சிக்கல்தான். போலீஸ் ரிப்போர்ட்டில் எங்கிருந்து எங்கே போனீர்கள் என்பதை ஒழுங்காக எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பிறகு வருவது மருத்துவக் குழு. எத்தனை விழுக்காடு ஊனம் என்று அவர்கள் முடிவு செய்வார்கள். இங்கேதான் நம் ஆட்கள் ஏமாந்து நிற்பதைப் பார்க்கிறேன். 20 விழுக்காடு வரை என்றால் பணத்தை மொத்தமாக ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் ஐந்தில் ஒரு பங்கு வரைதான் மொத்தமாக எடுக்க முடியும், மீதி ஆயுள் முழுக்க மாதா மாதம் வரும். 19க்கும் 21க்கும் நடுவில் இருப்பது ஒருவனின் முதுமைக் காலச் சோறு! முடிவு திருப்தியில்லை என்றால் மருத்துவ மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். அதற்கு 90 நாள்தான் அவகாசம். கடிதம் மலாயில் வருகிறது, மேசை டிராயரில் போய்த் தூங்குகிறது, 90 நாள் ஓடிவிடுகிறது.

விபத்தில் கணவன் இறந்துவிட்டால் விதவைக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு. ஆனால் அலுவலகத்தில் முதலில் கேட்பது திருமணச் சான்றிதழை. 1982 மார்ச் 1 முதல் நம் திருமணங்களைப் பதிய வேண்டும் என்பது சட்டம். கோயிலில் தாலி கட்டி, நாலு பிள்ளை பெற்று, பதியாமலே இருக்கும் குடும்பங்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. ஆண்கள் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவதற்கு அந்தப் பெண்தான் அலைய வேண்டியிருக்கிறது.

அந்தப் பையன் கதைக்கு வருகிறேன். சூப்பர்வைசர் வருவதற்கு முன்பே, அவசரப் பிரிவில் அவன் "வேலை செய்யும்போது மெஷினில் மாட்டியது" என்று சொல்லியிருந்தான். அந்தத் தாளை அம்மா பத்திரமாக வைத்திருந்தார். அதையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அவரே சொக்சோவுக்குப் போனார். கம்பெனியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது, அவர் எடுக்கவில்லை. கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். போன மாதம் பையன் மருத்துவக் குழுவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான், முடிவு இன்னும் வரவில்லை. கடிதம் கைக்கு வந்ததும், உறையைப் பிரிப்பதற்கு முன் அதன் மேலேயே வந்த தேதியை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறோம்.