உடம்புச் சூடு அல்ல

புற்றுநோய்க்குக் கீமோதெறபி கொடுப்பது எல்லோருக்கும் தெரியும். இப்போது எங்கள் குடும்பங்களிலும் சிலருக்கு இம்யூனோதெறபி ஏற்றுகிறார்கள். இது வேறு விதமான மருந்து.

நோயை எதிர்க்கும் அணுக்கள் எல்லை மீறாதபடி உடம்பில் இயற்கையாகவே ஒரு தடை உண்டு. அந்தத் தடையைப் பயன்படுத்திப் புற்றுநோய் தப்பிக்கொள்கிறது. பெம்புறோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் தடையை நீக்கிவிடும். இதற்கு வழி கண்ட அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனுக்கும் யப்பானியர் தசுக்கு ஹொன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

தடை நீங்கிய அணுக்கள் சிலவேளை சொந்த உடம்பையே தாக்கும். தோல், குடல், தைரோயிட் மாத்திரமல்ல, வாயும் தப்பாது. உமிழ்நீர் வற்றும், பாண் துண்டு தொண்டையால் இறங்காது, ருசி மாறும். கன்னத்தின் உட்புறத்தில் வலை பின்னியதுபோல் வெள்ளைக் கோடுகளோ புண்களோ தோன்றலாம். உறைப்புக் கறி பட்டால் நெருப்பாய் எரியும். மருந்து தொடங்கிப் பல மாதம் கழித்து, ஏன், நிறுத்திய பிறகும் வரலாம்.

வீட்டில் பெரியவர்கள் "உடம்புச் சூடு" என்று மோரும் வெந்தயமும் கொடுப்பார்கள். மோரில் குற்றமில்லை. வைத்தியசாலைக்குச் சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. வாயில் வெள்ளையாகத் தெரிவது பூஞ்சணத் தொற்றாகவும் இருக்கலாம், பார்த்துத்தான் சொல்ல முடியும். சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மறைப்பவர்களும் உண்டு. இலேசாக இருந்தால் பெரும்பாலும் ஸ்ரீரொயிட் கலந்த கொப்பளிக்கும் மருந்தைத் தந்து சிகிச்சையைத் தொடர்வார்கள். முற்றவிட்டால்தான் இடைநிறுத்த வேண்டி வரும்.

இன்னொன்று. வாய் வறட்சியோடு அடங்காத தாகமும் அடிக்கடி சலம் போவதும் இருந்தால் அன்றைக்கே அறிவியுங்கள். இந்த மருந்தால் அருமையாகச் சிலருக்குத் திடீரென நீரிழிவு வருவதுண்டு. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

இதையெல்லாம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்க வேண்டாம். அம்மாவின் புற்றுநோயைப் பற்றிப் பிள்ளை எப்படிச் சொல்லும்? மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள்.

உமிழ்நீர் குறைந்தால் பல் கெதியாகச் சூத்தையாகும். மெல்லிய பிறஷ், புளோரைட் பற்பசை, அற்ககோல் இல்லாத வாய் கழுவி நல்லது. வெற்றிலை பாக்கை அடியோடு விடுங்கள். பல் வைத்தியரிடம் போனால் வாயைத் திறக்க முன்னர் இம்யூனோதெறபி எடுப்பதைச் சொல்லுங்கள். ஏற்றி முடிந்து மாதங்கள் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள்.