கூப்பிட்டால் வந்துவிடும்



செப்ரெம்பர் பிறந்தால் மொன்றியலில் மேப்பிள் இலைகள் நிறம் மாறத் தொடங்கும். அதே நாட்களில் காட்டுக்குள் பெரிய மான்களின் இணைசேரும் பருவமும் தொடங்குகிறது. வேலை இடத்திலும் செஜெப்பிலும் பழகிய கியூபெக் நண்பர்கள் கூப்பிட, எங்கள் பிள்ளைகளும் இப்போது காட்டுக்குப் போகிறார்கள். சிலர் வேட்டைக்கு, சிலர் படம் எடுக்க. போகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. மானைக் கூப்பிடும் குழல் என்று கடையில் விற்கிறார்களே, எதை வாங்குவது, அதை எப்படிக் கொண்டுபோவது? இந்த மாதம் அதற்குப் பதில் சொல்கிறோம். பெற்றோரும் வாசிப்பது நல்லது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். எல்க் என்ற சொல் ஊருக்கு ஊர் வேறு விலங்கைக் குறிக்கும். ஐரோப்பாவில் எல்க் என்றால் நாங்கள் இங்கே மூஸ் என்று சொல்லும் விலங்கு. ஆங்கிலேயர் இலங்கையில் இருந்த காலத்தில் எங்கள் மரையை எல்க் என்றார்கள். 1850களில் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் தம் வேட்டை நூலில் மரையை அப்படித்தான் எழுதினார். நுவரெலியாவுக்கு அருகே எல்க் பிளெயின்ஸ் என்ற இடப்பெயர் இன்றும் இருக்கிறது. வட அமெரிக்காவில் எல்க் என்பது வப்பிற்றி. பிரெஞ்சிலும் அதே பெயர்தான். அது ஷானி என்னும் முதற்குடி மக்களின் சொல். வெள்ளைப் பின்புறம் உடையது என்று பொருள்.

வப்பிற்றி ஒரு காலத்தில் கிழக்குக் கனடாவிலும் வாழ்ந்தது. வேட்டையாலும் காடழிப்பாலும் 19ஆம் நூற்றாண்டில் இங்கே இல்லாமற் போனது. 1998 முதல் 2001 வரை அல்பேர்ட்டாவின் எல்க் ஐலண்ட் தேசியப் பூங்காவிலிருந்து 443 வப்பிற்றிகளைக் கொண்டுவந்து ஒன்ராறியோவில் நான்கு இடங்களில் விட்டார்கள். அவற்றுள் பான்குறொஃப்ற் பகுதியில் விட்டவை பெருகின. 2011இல் அங்கே குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும் வேட்டைக்கு அனுமதி கொடுக்கத் தொடங்கினார்கள். கியூபெக்கில் மூஸும் வெள்ளைவால் மானுமே வேட்டைக்குரியவை. ஆகையால் வப்பிற்றிக் குழல், மேற்கே றொக்கி மலைப்பக்கமோ ஒன்ராறியோவுக்கோ போகிறவருக்குத்தான் உதவும். கியூபெக் காட்டுக்குப் போகிறவருக்கு வேண்டியது வேறு. அதைப் பிறகு சொல்கிறோம்.

ஆண் வப்பிற்றி கூவுவதை முதல்முறை கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். 300 கிலோவுக்கு மேல் நிறையுள்ள விலங்கு, சத்தமோ சீழ்க்கை போல. அடித்தொண்டையில் தொடங்கி, படிப்படியாக ஏறி, உச்சத்தில் நீண்டு, கடைசியில் சில உறுமல்களாக முடியும். 2016இல் வெளியான ஓர் ஆய்வு இதை விளக்கியது. அந்த விலங்கு ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளை எழுப்புகிறது. ஒன்று தாழ்ந்த குரல், மற்றது 4000 ஹேர்ட்ஸ் அளவுக்கு உயரும் சீழ்க்கை. பெட்டைகளை அழைப்பதும் எதிரியை எச்சரிப்பதும் இந்தக் கூவலால்தான்.

இந்த ஒலியை உண்டாக்குவது குழல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒலி பிறப்பது ஒரு மெல்லிய றப்பர் சவ்வில். நாதஸ்வரத்தை நினைத்துப் பாருங்கள். சீவாளியைத் தனியே ஊதினால் கீச்சிடும். உலவில் பொருத்தி ஊதும்போதுதான் அது நாதமாகிறது. இங்கேயும் சவ்வு சீவாளி, குழல் உலவு. சவ்வில் பிறக்கும் மெல்லிய சத்தத்துக்குப் பெரிய விலங்கின் தொண்டையையும் மார்பையும் கொடுப்பதே குழலின் வேலை.

சவ்வு இரண்டு வகை. குதிரை லாட வடிவச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய சவ்வை வாய்க்குள் மேலண்ணத்தில் வைத்து, நாக்கால் அழுத்தி ஊதுவது ஒரு வகை. நன்றாகப் பழகியவர் இதில் எல்லாச் சத்தத்தையும் எழுப்புவார். ஆனால் பழக நாள் எடுக்கும், தொடக்கத்தில் சிலருக்குக் குமட்டும். குழலின் வாயிலேயே சவ்வைப் பொருத்தி, உதட்டால் அழுத்தி ஊதுவது மற்ற வகை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதுவே போதும்.

குழலைத் தெரிவு செய்யும்போது முதலில் நீளத்தைப் பாருங்கள். கடைகளில் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் முதல் 60 சென்ரிமீற்றர் வரை இருக்கும். நீண்ட, அகன்ற குழலில் ஒலி ஆழமாக வரும், தூரம் போகும். குட்டையான குழல் பாரம் குறைந்தது, பற்றைகளில் சிக்காது. ஒரு நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவர் நடுத்தர நீளத்துக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். அடுத்தது, எதனால் செய்தது என்று பாருங்கள். உலோகக் குழலில் ஒலி கூர்மையாக இருக்கும், ஆனால் குளிரில் உதட்டைச் சுடும், கிளையில் பட்டால் மணி போல ஒலிக்கும். பிளாஸ்ரிக் குழலுக்கு மேலே தடித்த துணி உறை போட்டது நல்லது. உறை சத்தத்தை அடக்கும், குழல் மினுங்காமலும் பார்த்துக்கொள்ளும். விலையைப் பார்த்து மலைக்கவும் தேவையில்லை. சிறுவர் விளையாடும் உட்கூடான பிளாஸ்ரிக் மட்டையின் இரு முனைகளையும் வெட்டிக் குழலாக்கியவர்கள் மேற்கில் பலர் உண்டு.

இனி கியூபெக்குக்கு வருவோம். இங்கே ஒரிஞால் எனப்படும் மூஸைக் கூப்பிடுவதற்கு அல்கொங்கின், இன்னு, மிக்மாக் முதலிய முதற்குடி மக்கள் நெடுங்காலமாகப் பேர்ச் மரப்பட்டையைக் கூம்பாகச் சுருட்டி வைத்துக்கொண்டார்கள். ஒரு முனை வாய் வைக்குமளவுக்கு ஒடுங்கியும் மறுமுனை விரிந்தும் இருக்கும். இதில் சவ்வு எதுவும் கிடையாது. ஊதுவதில்லை, குரல் கொடுப்பது. பெட்டை மூஸின் நீண்ட முனகலை மனிதர் தம் தொண்டையாலேயே எழுப்ப, கூம்பு அதைப் பெரிதாக்கித் தூரம் அனுப்புகிறது. இன்று பிளாஸ்ரிக் கூம்புகளும் விற்கிறார்கள். பட்டையில் செய்ய விரும்புகிறவர்கள் நிற்கும் மரத்தை உரிக்க வேண்டாம். விழுந்த மரத்திலிருந்து, அதுவும் எடுக்க அனுமதி உள்ள இடத்தில் மட்டும் எடுங்கள்.

ஏமாற்றி அழைக்கும் இந்தக் கலை எங்கள் முன்னோருக்கும் தெரிந்ததே. பெரும்பாணாற்றுப்படையில் எயினரின் வீட்டு முற்றத்தில், விளாமரத்தில் பார்வை மானைக் கட்டி வைத்திருப்பது சொல்லப்படுகிறது. பழக்கிய மானைக் காட்டிக் காட்டு மானைப் பிடிப்பார்கள். அப்படிக் காட்டும் விலங்குக்குத் தமிழில் பார்வை என்றே பெயர்.

எண்ணாகமம் பத்தாம் அதிகாரத்தில் வரும் வெள்ளிப் பூரிகைகள் உங்களுக்கு ஞாயிறு பாடசாலையிலேயே தெரியும். இரண்டையும் ஊதினால் சபையார் எல்லாரும் கூட வேண்டும். ஒன்றை மட்டும் ஊதினால் தலைவர்கள் கூட வேண்டும். ஊதுகிறவர் யார், எதற்கு ஊதுகிறார் என்பது கேட்பவருக்குத் தெரியும். மான் குழல் இதற்கு நேர்மாறு. ஊதுகிறவர் மனிதர் என்பது தெரியக் கூடாது என்பதற்காகவே அதைச் செய்திருக்கிறார்கள்.

நாங்கள் இந்த மாதம் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். குழல் மானை மட்டும் ஏமாற்றாது. அடுத்த மேட்டில் துவக்கோடு காத்திருக்கும் இன்னொரு மனிதரையும் ஏமாற்றும். நீங்கள் எவ்வளவு திறமாகக் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவுக்கு அவர் உங்களை மான் என்று நம்புவார். மெதுவாக உங்களை நோக்கி வருவார். பற்றை அசைந்தால் அவர் கண்ணுக்கு அது கொம்பாகவே தெரியும். ஆகவே நல்ல குழல் வாங்குகிறவர், தான் மனிதர் என்பதைக் காட்டவும் அதே அளவு கவனம் எடுக்க வேண்டும்.

கியூபெக்கில் துவக்கு வேட்டைக் காலத்தில் முதுகு, தோள், மார்பு ஆகியவற்றை மூடி, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி 2580 சதுர சென்ரிமீற்றருக்குக் குறையாத செம்மஞ்சள் நிற உடை வேண்டும். வேட்டையாடாமல் படம் எடுக்கப் போகிறவரும் அதைப் போடுங்கள். முதுகுப் பையும் குழலும் அந்த நிறத்தை மறைக்கின்றனவா என்று புறப்படுமுன் ஒருவரை ஒருவர் சுற்றிப் பாருங்கள். மறைத்தால் பையின் மேலும் செம்மஞ்சள் துணி கட்டுங்கள். கூப்பிட உட்காரும்போது உங்கள் தோளை விட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். பதிலுக்கு ஒரு கூவல் கேட்டால், கண்ணால் காணும்வரை அது மனிதர் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அதைத் தேடிப் பதுங்கிப் போகாதீர்கள். வேறொரு வேட்டைக்காரரைக் கண்டால் கை அசைக்க வேண்டாம், குழலும் ஊத வேண்டாம். வாய் திறந்து மனிதக் குரலில் உரக்கப் பேசுங்கள். அன்றைய வேட்டை கெட்டுப் போகும். போகட்டும்.

கொண்டுபோகும் விதத்திலும் சில விஷயங்கள் உண்டு. குழலைத் தோளில் குறுக்காகத் தொங்கவிட்டு, அக்குளின் கீழ் உடம்போடு ஒட்டி இருக்குமாறு வாரைச் சுருக்குங்கள். நீளமாகத் தொங்கினால் கிளையில் மாட்டும், முழங்காலில் இடிக்கும். விரிந்த முனை கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் மழையும் ஊசியிலைகளும் உள்ளே போய்ச் சேரும். ஊதும்போது அவை தொண்டைக்குள் வரலாம். பையின் கொளுவிகளில் குழல் தட்டுகிறதா என்று வீட்டிலேயே குதித்துப் பாருங்கள். றொக்கி மலைப்பக்கம் போகிறவர்கள் இடுப்பில் கரடி ஸ்பிரே வைத்திருப்பார்கள். குழலோ வாரோ அதை மறைக்கவே கூடாது. கையை நீட்டினால் முதலில் கிடைக்க வேண்டியது ஸ்பிரே.

றப்பர் சவ்வுக்கு வெயிலும் ஈரமும் ஆகாது. வீட்டுக்கு வந்ததும் கழுவித் துடைத்து, நிழலில் உலர்த்தி, சிறு டப்பாவில் போட்டு வையுங்கள். ஒன்று கிழிந்தால் மாற்ற இன்னொன்று கையில் இருக்கட்டும். வாயில் வைக்கும் பொருளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

எங்கே ஊதக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். பான்ஃப், ஜாஸ்பர் போன்ற தேசியப் பூங்காக்களில் விலங்குக்கு உணவு கொடுப்பதும், அதைக் கவர்ந்து இழுப்பதும், குழப்புவதும் சட்டப்படி குற்றம். வப்பிற்றிக்கும் மூஸுக்கும் குறைந்தது 30 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அங்கே உள்ள அறிவுரை. இணைசேரும் காலத்தில் இன்னும் தள்ளி நில்லுங்கள். இந்த நாட்களில் ஆண் விலங்கு சரியாகச் சாப்பிடுவதில்லை. சண்டையிலும் பெட்டைகளைக் காப்பதிலும் உடம்பு மெலிந்து, அப்படியே பனிக்காலத்துக்குள் போகிறது. ஒரு படத்துக்காகத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு அதை ஓடவைப்பது, அதன் பனிக்கால இருப்பிலிருந்து நாங்கள் எடுப்பதாகும். கோபத்தோடு வந்துவிட்டால் ஓடவேண்டியவர் நீங்கள்தான்.

வேட்டைக்கே போகிறவர்கள் வேட்டையாளர் சான்றிதழும், அந்தந்த விலங்குக்கான அனுமதிப்பத்திரமும் எடுத்துக்கொண்டு போங்கள். நண்பரிடம் இருக்கிறது என்பது உங்களுக்கு ஆகாது. பெற்றோரே, போகவே வேண்டாம் என்று மறித்தால் பிள்ளை சொல்லாமல் போகும். அதைவிட, யாருடன், எந்தக் காட்டுக்கு, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று ஒரு துண்டில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். காட்டுக்குள் கைத்தொலைபேசி வேலை செய்யாத இடங்கள் நிறைய உண்டு.

கடைசியாக, குழல் வாங்குமுன் செய்ய வேண்டிய ஒன்று. மொன்றியலுக்கும் ஓட்டாவாவுக்கும் இடையில் மொன்ரபெல்லோவில் பார்க் ஒமேகா இருக்கிறது. எங்கள் குடும்பங்களில் பல, கரட் பையோடு காரில் போய்ப் பார்த்த இடம்தான். கார்க் கண்ணாடிக்குள் தலையை நீட்டிக் கரட் கேட்பது வப்பிற்றி. செப்ரெம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, குழல் எதுவும் இல்லாமல் அங்கே போங்கள். வானொலியை நிற்பாட்டி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, பேசாமல் இருங்கள். கூவல் எங்கே தொடங்குகிறது, எங்கே ஏறுகிறது, எப்போது நிற்கிறது, அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் அது பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று கேளுங்கள். அப்பம்மாவும் தம்பி தங்கைகளும் கூடக் கேட்கட்டும். அதைக் கேட்ட பிறகும் குழல் வேண்டும் என்று தோன்றினால், அப்போது வாங்குவோம்.