பூவா தலையா சொல்ல ஒரு கேப்டன் எதற்கு?

எந்தக் கல்லூரியின் ஆண்டு மலரை வேண்டுமானாலும் எடுத்துப் புரட்டுங்கள். ஃபுட்பால் டீம் போட்டோ ஒன்று இருக்கும். பின்வரிசையில் பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். முன்வரிசை நாற்காலிகளில் செயலர், முதல்வர், பி.டி. சார். அந்த வரிசையின் ஓரத்தில், காலடியில் பந்தை வைத்துக்கொண்டு ஒரு பையன். கீழே அவன் பெயருக்குப் பக்கத்தில் 'கேப்டன்' என்று அச்சாகியிருக்கும். அந்த வருடம் முழுக்க அவன் கேப்டனாக என்ன செய்தான் என்று விசாரித்தால் பதில் இவ்வளவுதான்: டாஸில் பூவா தலையா சொன்னான், எதிர் டீம் கேப்டனுக்குக் கை கொடுத்தான், கோப்பை கிடைத்தால் வாங்கி முதல்வர் கையில் கொடுத்தான்.

இதற்கு எதற்கு ஒரு கேப்டன்? இதைச் செய்ய வாட்ச்மேன் போதாதா?

சிரிப்பதற்காகக் கேட்கிற கேள்வி இல்லை இது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கேப்டன் பதவி எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றே வழிகள். ஒன்று, ஃபைனல் இயர் படிப்பவன் என்ற சீனியாரிட்டி. இரண்டு, பி.டி. சார் சொன்ன பேச்சைத் தட்டாதவன். மூன்றாவதை யாரும் வெளியில் சொல்வதில்லை. சாயங்காலம் ஆறரை மணி வரை மைதானத்தில் நிற்க முடிகிறவன். அதாவது ஹாஸ்டல் பையன், அல்லது உள்ளூர்ப் பையன், அல்லது பைக் வைத்திருப்பவன்.

இந்த மூன்றாவது விஷயத்தை மடத்துக்குளத்தில் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கோவை - திண்டுக்கல் சாலையில் இந்தப் பக்கம் உடுமலை, அந்தப் பக்கம் பழனி. இங்கிருந்து காலேஜ் போகிற பையன் எந்தப் பக்கம் போனாலும் பஸ்தான். நாலரைக்குப் பயிற்சி ஆரம்பம் என்றால் அவன் பந்தைப் பார்ப்பானா, பஸ்ஸைப் பார்ப்பானா? மெயின் ரோட்டில் இறங்கி, அதன்பிறகு உள்கிராமத்துக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டியவன் கதை இன்னும் மோசம். திருப்பூர்ப் பக்கம் படித்துக்கொண்டே பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவனும் உண்டு. செக்கிங், பேக்கிங் என்று நின்றுவிட்டு மறுநாள் காலை பயிற்சிக்கு வந்து ஓடுகிறான். டீமில் அவன்தான் நன்றாக ஆடுவான், மற்றவர்களும் அவன் பேச்சைத்தான் கேட்பார்கள். ஆனாலும் கேப்டன் லிஸ்டில் அவன் பெயர் வராது. 'ரெகுலரா வர்றதில்லை' என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

சரி, கேப்டன் என்றால் உண்மையில் யார்? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் கால்பந்துச் சங்கம் 1863-ல் தொடங்கியபோது அதன் விதிகளில் ரெஃப்ரி என்று ஒருவர் கிடையாது. தகராறு வந்தால் இரண்டு கேப்டன்களும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். பிறகு ஒவ்வொரு டீமுக்கும் ஓர் அம்பயர் வந்தார். 1891-ல்தான் ரெஃப்ரி மைதானத்துக்குள் இறங்கி முழு அதிகாரம் பெற்றார். அதாவது நியாயம் பேசுவதுதான் கேப்டனின் முதல் வேலை. டாஸ் எல்லாம் அதற்கப்புறம்.

இன்றைய விதிப்புத்தகம் இன்னும் சுவாரஸ்யம். கேப்டனுக்குத் தனி அந்தஸ்தோ சலுகையோ கிடையாது, ஆனால் டீமின் நடத்தைக்கு அவருக்கு ஓரளவு பொறுப்பு உண்டு என்பது அதன் சாரம். அந்தஸ்து இல்லை, பொறுப்பு உண்டு! நம் கல்லூரிகள் இதை அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்திருக்கின்றன. அந்தஸ்து உண்டு, பொறுப்பு இல்லை. 2024-ல் யூரோ கோப்பையில் கேப்டன் மட்டும்தான் ரெஃப்ரியிடம் போய் விளக்கம் கேட்கலாம் என்று வைத்தார்கள். உலகம் மறுபடியும் கேப்டனைப் பேசச் சொல்கிறது. நம்மூரில் கேப்டன் வாயைத் திறந்தால் 'திமிர்' என்கிறார்கள்.

இந்தியக் கால்பந்தின் கதையும் மாணவர்களில் இருந்துதான் தொடங்குகிறது. கல்கத்தாவில் ஹேர் பள்ளி மாணவனாக இருந்தபோதே பந்தை உதைக்க ஆரம்பித்த நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி, பிரசிடென்சி கல்லூரிக்குப் போனபிறகு கிளப் மேல் கிளப்பாக ஆரம்பித்தார். வெலிங்டன் கிளப்பில் மணி தாஸ் என்ற பையனை அவர் சேர்க்கப் பார்த்தார். குயவர் வீட்டுப் பையன். மேல்சாதி உறுப்பினர்கள் முடியாது என்றார்கள். சர்வாதிகாரி கிளப்பையே கலைத்துவிட்டு சோவாபஜார் கிளப்பைத் தொடங்கி, மணி தாஸை அதில் சேர்த்தார். அந்த சோவாபஜார் 1892-ல் டிரேட்ஸ் கோப்பையில் ஈஸ்ட் சர்ரே என்ற வெள்ளைக்காரப் படைப்பிரிவு டீமைத் தோற்கடித்தது. தன் ஆட்டக்காரனுக்காகக் கிளப்பையே தூக்கி எறிந்தவர் தலைவர். சொந்த டீம் பையனுக்கு ஓ.டி. லெட்டர் வாங்கித்தர பயப்படுகிறவரை என்னவென்று அழைப்பது?

அடுத்து 1948. சுதந்திர இந்தியா லண்டன் ஒலிம்பிக்ஸுக்குப் போகிறது. கால்பந்து கேப்டன் தாலிமெரென் ஆவ். நாகா மலைப் பையன். கௌஹாத்தி காட்டன் கல்லூரியில் படித்து, கல்கத்தாவில் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, மோகன் பகானுக்கும் ஆடிக்கொண்டிருந்தவர். ஒலிம்பிக் தொடக்க விழாவில் தேசியக்கொடியை ஏந்திப் போனவரும் அவர்தான். பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடு ஆடிய அந்த டீம் பிரான்ஸிடம் 1-2 என்று தோற்றது. கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. ஊர் திரும்பிய கேப்டன் படிப்பை விடவில்லை. 1950-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். நாகாலாந்துக்குப் போய் டாக்டராக வேலை பார்த்து, மாநில சுகாதாரத்துறை இயக்குநராக 1978-ல் ஓய்வு பெற்றார்.

எட்டு வருடம் கழித்து 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ். ஆஸ்திரேலியாவை 4-2 என்று அடித்து, இந்தியா நாலாவது இடம் பிடித்த வருடம். கேப்டன் சமர் 'பத்ரு' பானர்ஜி. அவரும் அதே மருத்துவக் கல்லூரி மாணவர்தான் (அதற்குள் பெயர் ஆர்.ஜி. கார் என்று மாறியிருந்தது). ஆனால் அவர் கால்பந்துக்காக டாக்டர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டார்.

ஒரே கல்லூரி, இரண்டு இந்தியக் கேப்டன்கள். ஒருவர் படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்துக் கரையேற்றினார், இன்னொருவர் ஒன்றை விட வேண்டியதாயிற்று. பத்ரு பானர்ஜியைக் குறை சொல்ல யாருக்கும் அருகதை கிடையாது. ஆனால் எழுபது வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கும் ஒரு பி.காம். மாணவன் அதே கேள்வியின் முன்னால்தான் நிற்கிறான். இன்டர்னல் டெஸ்ட் அன்றைக்கு மேட்ச் இருந்தால் எதை விடுவது? பல்கலைக்கழக டீமுக்கு ஆடப் போய் பத்து நாள் கழித்து வந்தால் அட்டெண்டன்ஸ் எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போய்விடுகிறது. ஓ.டி. உண்டு என்று எல்லா இடத்திலும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஹெச்.ஓ.டி. வாசலில் நின்றவனுக்குத்தான் தெரியும், எழுதி வைத்ததற்கும் கிடைப்பதற்கும் நடுவே எத்தனை கையெழுத்து என்று.

அங்கே போய் நிற்க வேண்டியவன்தான் கேப்டன். மைதானத்தில் தொண்ணூறு நிமிடம், மீதி நேரமெல்லாம் ஆபீஸ் வாசல். ரீ-டெஸ்ட் கேட்க வேண்டும். டூர் போனால் சாப்பாட்டுக் காசு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று கேட்க வேண்டும். பூட்ஸ் இல்லாதவனுக்கு பூட்ஸ் கேட்க வேண்டும். பஸ் பையன்களுக்காகப் பயிற்சியைக் காலையில் வைக்கச் சொல்ல வேண்டும். நியமனம் செய்தவரிடமே போய் இதையெல்லாம் கேட்கிற தைரியம் நியமிக்கப்பட்டவனுக்கு எங்கிருந்து வரும்?

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிய பாடம் இல்லை. கம்பெனிச் சட்டப்படி ஆடிட்டரை மேனேஜர் நியமிப்பதில்லை. பொதுக்குழுவில் பங்குதாரர்கள் நியமிக்கிறார்கள். ஏன்? யாருடைய கணக்கைப் பார்க்க வேண்டுமோ அவரே ஆளைப் போட்டால் கணக்கு விளங்கிவிடும்! கேப்டன் விஷயமும் அதேதான். ஆடுகிறவர்கள் சார்பில் பேச வேண்டியவனை ஆடுகிறவர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உடனே ஒரு பதில் வரும். 'ஓட்டுப் போடச் சொன்னால் சாதி வந்துவிடும், கோஷ்டி வந்துவிடும், பிரியாணி வாங்கிக் கொடுத்து ஓட்டுக் கேட்பான்.' இந்தப் பயத்தை ஒதுக்கிவிட முடியாது. நம் தேர்தல்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் ஒன்று கேட்கலாம். ஓட்டு இல்லாதபோது மட்டும் சாதி வெளியே நிற்கிறதா? மணி தாஸை வேண்டாம் என்றவர்கள் தேர்தல் வைத்தா சொன்னார்கள்?

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அவர்கள் ஆடும் ஃபுட்பால் வேறு, அது இங்கே முக்கியமில்லை. அங்கே வருடத்துக்கு ஒரே ஒரு கேப்டன், டீம் ஆட்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது நெடுநாள் வழக்கம். 1948-ல் அவர்கள் தேர்ந்தெடுத்தது லீவை ஜாக்சன் என்ற கறுப்பின மாணவரை. அப்பா அதே யேலின் உணவுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பர்கள் பஸ்ஸில் பின்னால் உட்கார வேண்டியிருந்த காலம் அது. நிர்வாகம் நியமித்திருந்தால் அந்தப் பெயர் வந்திருக்குமா? கூட ஆடுகிறவனுக்குத் தெரியும், எழுபதாவது நிமிடத்தில் யார் தனக்காக ஓடி வருவான் என்று. அந்த அறிவு எந்த ஆபீஸிலும் கிடையாது.

இன்னொரு வாதமும் உண்டு. 'சின்ன ஊர்க் கல்லூரியில் கேப்டனை யார் தேர்ந்தெடுத்தால் என்ன, இந்தியாவுக்கா ஆடப்போகிறான்?' பஞ்சாபில் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் மாஹில்பூர் என்று ஒரு சின்ன ஊர். அங்குள்ள கால்சா கல்லூரியில் ஆடிய ஜர்னைல் சிங், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் ஃபைனலில், டிஃபண்டரான அவர் தலையில் கட்டோடு ஃபார்வர்டாக ஆடி, தென்கொரியாவுக்கு எதிராக கோல் அடித்தார். 2-1, தங்கம். பிறகு இந்தியாவுக்கே கேப்டன் ஆனார். மாஹில்பூரிலும் மைதானம் இருந்தது, கல்லூரி இருந்தது. அதோடு கால்பந்தை வெட்டிவேலை என்று நினைக்காத ஒரு பிரின்சிபாலும் இருந்தார். ஹர்பஜன் சிங் என்ற அவர் பெயரில் அந்த ஊரில் டோர்னமென்டே நடக்கிறது.

தூரமாகத் தெரிகிறதா? பக்கத்துக் கோயம்புத்தூருக்கு வாருங்கள். 1992-ல் சந்தோஷ் டிராபி ஃபைனல் அங்கேதான் நடந்தது. கோவாவை 3-0 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது கேரளா. கேப்டன் வி.பி. சத்யன். இந்தியாவுக்கும் கேப்டனாக இருந்தவர். பின்னாளில் சென்னை இந்தியன் வங்கி டீமில் ஆடினார், பயிற்சியும் கொடுத்தார். 2006-ல் 41 வயதில் சென்னையில் இறந்துபோனார். அவர் கதையை மலையாளத்தில் 'கேப்டன்' என்று 2018-ல் படமாக எடுத்தார்கள். அவர் வாழ்ந்து முடித்த தமிழ்நாட்டில் எத்தனை கல்லூரி டீம்களுக்கு அவர் பெயர் தெரியும்?

பெண்கள் டீமைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் ஆனார்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை ஜெயித்தது. ஆண்கள் டீம் தேசியக் கோப்பைக்குத் திணறிக்கொண்டிருந்த அதே காலம் இது. ஆனால் மைதானம் காலியாகிற நேரம் யாருக்கு முதலில் என்று பாருங்கள். அதைக் கேட்கவும் ஒரு கேப்டன் வேண்டும். ஆறு மணிக்குள் ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டிய டீமுக்கு நாலு மணிக்கு மைதானம் கொடு என்று கேட்கிற கேப்டன்.

ஆகவே கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சீஸன் முடிந்ததும், அந்த வருடம் ஆடியவர்கள் மட்டும், ரகசிய ஓட்டில் அடுத்த கேப்டனைத் தேர்ந்தெடுக்கட்டும். பி.டி. சார் ஓட்டை எண்ணட்டும். கேப்டனுக்கு எழுத்துப்பூர்வமாக மூன்று உரிமைகள் கொடுங்கள்: ஓ.டி. விஷயமாக முதல்வரை நேரில் பார்க்கும் உரிமை, டீம் செலவுக் கணக்கைப் பார்க்கும் உரிமை, பயிற்சி நேரம் முடிவாகிறபோது உட்கார்ந்து பேசும் உரிமை. ஜிம் ரூம் சுவரில் ஒரு பலகை மாட்டி, கல்லூரி தொடங்கிய வருடத்திலிருந்து கேப்டன்கள் பெயரை எல்லாம் வரிசையாக எழுதுங்கள், ஆண்கள் பெண்கள் இருபாலரையும். பக்கத்தில் அவர்கள் டிகிரி முடித்தார்களா என்றும் எழுதுங்கள்.

அந்தக் கடைசிக் கட்டம் முக்கியம். அதில் வெற்றிடம் அதிகமாக இருந்தால், அது அந்தப் பையன்களின் தோல்வி இல்லை. கோப்பையை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டு, வாங்கி வந்தவனை அரியரோடு வீட்டுக்கு அனுப்பிய கல்லூரியின் தோல்வி.