ஏலக்காய்க்குக் கிடைத்த ரயில்

"அதான் போடிக்கு ரயில் வந்தாச்சே, இன்னும் என்ன குறை?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் இந்தப் பாதையின் கதையைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பது நல்லது.

மதுரை - போடிநாயக்கனூர் ரயில் பாதை 1928-ல் திறக்கப்பட்டது. எதற்காக? மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனில் இருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தது. மலை ஏலக்காய்க்கும் போடிதான் சந்தை. சரக்கு போக ரயில் வேண்டும், வெள்ளைக்காரன் போட்டான். இரண்டாம் உலகப்போரில் இரும்பு வேண்டும், தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனான்! மறுபடி ரயில் ஓடியது 1950களில்தான்.

சரி, நம்மவர்கள் என்ன செய்தார்கள்? அகலப்பாதை போடுகிறோம் என்று 2010 டிசம்பர் கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். 90 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு வருஷம் சொச்சம். அதாவது வருஷத்துக்கு ஏழு கிலோமீட்டர். மாட்டுவண்டி இதை ஒரு காலைப்பொழுதில் கடந்துவிடும்! 2011-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த தேனிப் பிள்ளை ஊரில் ரயிலையே பார்க்காமல் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டது.

இதுவாவது வந்தது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்? அமெரிக்கப் புல்வெளிகளில் ரயில் கம்பெனிகள் தண்டவாளம் போட்டு, அதன் ஓரத்தில் ஊர்களை உண்டாக்கின. இங்கே ஊர் இருக்கிறது, ஜனம் இருக்கிறது, விளைச்சல் இருக்கிறது. 1895-ல் பெரியாறு அணை கட்டித் தண்ணீரும் வந்துவிட்டது. தண்டவாளம் மட்டும் வரவில்லை. திண்டுக்கல் - குமுளி ரயில் பாதை பல்லாண்டுக் கோரிக்கையாகவே கிடக்கிறது.

கேட்டால் "வருமானம் வராது, நஷ்டம்" என்பார்கள். யாருடைய நஷ்டம்? டிக்கெட் காசை மட்டும் வரவில் எழுதினால் நஷ்டம்தான் தெரியும். கம்பம் திராட்சையும் வாழையும் லாரியில் போகின்றனவே, அந்த வாடகை எந்தக் கணக்கில் வருகிறது? விவசாயியின் கணக்கில். சபரிமலை சீசனில் குமுளி ரோடு திணறுகிறதே, வீணாகும் டீசலும் நேரமும் யார் கணக்கில்? ரோடு போடும்போது "முதலில் லாபத்தைக் காட்டு" என்று எந்த ஊரிடமும் யாரும் கேட்பதில்லை. ரயிலுக்கு மட்டும் ஏன் அந்தக் கேள்வி?

சென்னைக்கு வாரம் மூன்று நாள் ரயில் விட்டதும் கைதட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டோம். அதுதான் தப்பு. அடுத்த முறை ஓட்டு கேட்டு வருபவரிடம் வாக்குறுதி கேட்காதீர்கள். எந்த வருஷம், எவ்வளவு நிதி என்று தேதியோடு கேளுங்கள்.