இரண்டு மொழி தெரிந்தவரெல்லாம் மொழிபெயர்ப்பாளரா?

ஆங்கிலமும் ரஷ்ய மொழியும் தெரிந்த ஓர் ஆள், கையில் ஓர் அகராதி, கொஞ்சம் பொறுமை. ஓர் ஆங்கில நாவலை ரஷ்ய மொழிக்குக் கொண்டுபோக இவை போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். வாசகர்கள் மட்டுமா? பதிப்பாளர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளருக்குச் சொற்பக் கூலியும் குறுகிய கெடுவும் விதிக்கப்படுவது இந்த நினைப்பினால்தான். இலக்கியத்துக்கே கேடு செய்யும் அறியாமை இது.

ஆங்கிலம் வாய்மூடி இருக்கும் இடங்களில் ரஷ்ய மொழி பேசியே தீர வேண்டும். சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். எலிசபெத்தும் டார்சியும் எதிரெதிர் நின்று பேசுகையில் ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். ரஷ்ய மொழியிலோ, நம்முடைய நீ, நீங்கள் போல இரண்டு. மனம் ஒன்றிய பிறகு 'நீங்கள்' உதிர்ந்து 'நீ' வருமா? எந்தப் பக்கத்தில்? முதலில் யார் வாயிலிருந்து? ஆஸ்டின் இதற்கு விடை எழுதி வைக்கவில்லை, அகராதியும் சொல்லாது. அக்கால இங்கிலாந்தின் மரியாதை வழக்கங்களையும் அந்த இருவரின் சுபாவத்தையும் உள்வாங்கியவர்தான் முடிவெடுக்க முடியும்.

வினைச்சொல்லும் விடாது. நாம் 'வந்தேன்' என்றால் வந்தவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. ரஷ்ய மொழியின் இறந்தகால ஒருமை வினையில் அது தெரிந்துவிடும். ஜேனட் வின்டர்சன் 1992இல் வெளியிட்ட 'ரிட்டன் ஆன் த பாடி' நாவலில் கதைசொல்லியின் பால் கடைசிவரை சொல்லப்படுவதே இல்லை. அந்த நாவலின் உயிரே அதில் இருக்கிறது. ரஷ்ய மொழியில் ஒரே ஒரு வினை போதும், ரகசியம் உடைந்துவிடும். வாக்கியத்துக்கு வாக்கியம் இறந்தகாலத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' கதையில் வரும் கருஞ்சிறுத்தை பகீரா ஆண். ஓநாய்களின் சபையில், அப்போதுதான் கொன்ற கொழுத்த காளையை விலையாகக் கொடுத்து மனிதக் குழந்தை மௌக்லியின் உயிரைக் காப்பாற்றுவது அதுதான். ரஷ்ய மொழியில் கருஞ்சிறுத்தையைக் குறிக்கும் சொல் பெண்பால். எனவே ரஷ்யப் பிள்ளைகளுக்குப் பகீரா பெண். 1967இல் தொடங்கிய சோவியத் கார்ட்டூன் படங்களிலும் பெண்தான். ஆணாகவே வைத்தால் இலக்கணம் உறுத்தும்; பெண்ணாக்கினால் பகீராவுக்கும் கரடி பாலுவுக்கும் மௌக்லிக்கும் இடையிலான உறவின் சாயலே மாறும். எதை இழப்பது என்று தீர்மானிப்பதற்கு மொழியறிவு மட்டும் உதவாது.

இருமொழிப் புலமை போதும் என்று வாதிடுபவர்கள் விளாதிமிர் நபகோவைப் பார்க்கட்டும். ரஷ்ய மொழியில் நாவல்கள் எழுதிப் பெயர் பெற்ற பிறகு ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியவர். 1955இல் பாரிசில் வெளியான தம் 'லோலிதா'வைத் தாமே ரஷ்ய மொழியாக்கம் செய்தார். அது 1967இல் நியூயார்க்கில் வெளிவந்தது. ஆசிரியர் மனத்தில் என்ன இருந்தது என்று அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்டவரே பின்னுரையில் தம் ரஷ்ய நடை குறித்த ஏமாற்றத்தை ஒளிக்காமல் எழுதினார். மரமும் மழையும் மனித உணர்ச்சிகளும் ரஷ்ய மொழியில் நன்றாகவே வருகின்றன, ஆங்கிலம் பட்டும் படாமலும் சொல்லிச் செல்லும் நயம்தான் கைகூடுவதில்லை என்பது அவர் கண்டது. 1919இல் நாட்டைவிட்டு வெளியேறியவரிடம் இருந்த ரஷ்ய மொழியில், 'லோலிதா'வில் வரும் அமெரிக்க நெடுஞ்சாலை விடுதிகளின் உலகத்துக்கு ஆயத்தமான சொற்கள் இல்லை. நபகோவே இப்படித் திணறினார் என்றால், அகராதியோடு உட்காருபவர் கதி என்ன?

ரஷ்யர்கள் இதை எப்போதோ உணர்ந்திருந்தார்கள். பஞ்சமும் உள்நாட்டுப் போரும் வாட்டிய பெத்ரோகிராதில், கார்க்கி 1918இல் 'உலக இலக்கியம்' பதிப்பகத்தைத் தொடங்கினார். மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பயிற்சி தர அங்கே ஏற்பாடு இருந்தது. எழுத்தாளர் சுகோவ்ஸ்கியும் கவிஞர் குமிலியோவும் மொழிபெயர்ப்பு நெறிகளை வகுத்து நூலாக எழுதினார்கள். ரொட்டிக்கே வழியில்லாத காலத்தில் அவர்கள் கொடுத்த மதிப்பை, வசதிகள் பெருகிய இக்காலத்தில் மறுப்பது என்ன நியாயம்?

அட்டையில் பெயர், போதிய அவகாசம், உழைப்புக்கேற்ற ஊதியம் ஆகியவற்றை மொழிபெயர்ப்பாளர் கெஞ்சிப் பெறும் நிலை ஒழிய வேண்டும். ஆசிரியர் எடுக்காத ஆயிரம் முடிவுகளை அவர் பெயரால் எடுத்து, அவற்றுக்குப் பொறுப்பும் ஏற்பவர் மொழிபெயர்ப்பாளர். பதிப்பாளர்களே, நாவலை ஆழ்ந்து படிக்கத் தெரிந்தவரா என்று முதலில் பாருங்கள். எத்தனை மொழி தெரியும் என்பதைப் பிறகு கேட்கலாம்.